மேவிஸ் மிதித்துப் போன புல்

லைல் ப்ரங்க் வீட்டுப் புல்தரையில் அவர் மனைவி விட்டுப்போன காலடிகள் பிப்ரவரியிலும் சூடாகவே இருந்தன. அந்த வாரம் முட்டை விலையும் ஏறியிருந்ததால் எங்கள் தெருவுக்குப் பேச இரண்டு விஷயம் கிடைத்தது. மேவிஸ் போனது நவம்பரில், முதல் உறைபனி பூத்த காலையில். பனி பூத்த புல்லை மிதிக்காதே, மிதித்த இடம் செத்துப்போகும் என்று முப்பது குளிர்காலமாக அவளுக்குச் சொல்லிவந்தவர் லைல். வேறெதையும் அவளிடம் அவ்வளவு தவறாமல் அவர் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. அன்று அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்திலேயே சிமெண்டுப் பாதை இருக்க, புல்லின் நடுவே குறுக்காக நடந்து, அக்கா ஐரிஸின் காரில் ஏறி டொலிடோவுக்குப் போய்விட்டாள். ஒஹாயோவில் இதைவிடத் தெளிவாக யாரும் விவாகரத்து கேட்டிருக்க மாட்டார்கள்.

மிதித்த இடங்கள் பழுப்பாகிக் கிடந்தன. ஜனவரியில் முழங்கால் அளவு பனி கொட்டியபோதும் அவற்றின்மேல் விழுந்தது மட்டும் உருகிப் போயிற்று. எதிர்வீட்டு டாட்டி ஹம்மல் நாயைக் கூட்டிப்போகிற சாக்கில் கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய தட்டு மாதிரி இருக்கிறது என்று தெரு முழுக்கச் சொன்னாள். லைலுக்கு அது முன்பே தெரியும். குப்பைத் தொட்டியை இழுத்து வைக்க வருகிறவர்போல விடியலில் வந்து, மண்டியிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். இவ்வளவு சூடு இருந்தால் ஆசை இன்னும் போகவில்லை என்றுதானே பொருள், திரும்பி வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

பிப்ரவரி கடைசியில் சுள்ளிகளையும் மக்கிய இலைகளையும் வாரி எடுத்தார், புல் வெட்டும் இயந்திரத்தின் கத்தியைத் தீட்டினார், விதைமூட்டையைப் பிரித்தார். இரவில் உறைந்து பகலில் இளகும் மண் விதையைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் கோடை முழுக்கச் சொட்டைத் தரைதான். எல்லா இடத்திலும் தூவினார், காலடிகளில் மட்டும் ஒரு விதைகூட விழாமல் கையால் மறைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வாசற்படியை ஒட்டியிருந்த காலடி ஆறியது. மறுநாள் அதற்கடுத்தது. அவள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று லைல் முடிவுகட்டினார். நவம்பரிலிருந்து தொடாத தொலைபேசியை எடுத்தார்.

"சாகிறாளா? இங்க உக்காந்து செர்ரி கேக் தின்னுட்டிருக்கா. ரெண்டாவது துண்டு," என்றாள் ஐரிஸ்.

மேவிஸ் வாங்கிப் பேசினாள். அவர் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டாள். "அது கோபம் லைல். ஆறிட்டு வருது. இப்பல்லாம் நல்லாத் தூங்கறேன்."

இந்தச் செய்தி டாட்டிக்கு எப்படிப் போயிற்று என்று கேட்க வேண்டாம். "அப்போ மறுபடி கோபப்படுத்து," என்றாள் அவள், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. "உனக்கா தெரியாது? முப்பது வருஷம் சும்மாவா இருந்த?"

லைலுக்கும் அது சரியாகவே பட்டது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் கூப்பிட்டு, குரலை உயர்த்தி, "பாதைன்னு ஒண்ணு எதுக்குப் போட்டு வெச்சிருக்கு? பனியில மிதிக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்! என் புல்லையே நாசம் பண்ணிட்ட!" என்றார். மேவிஸ் சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. "விதை போட இதான் நேரம், விட்டுடாதே," என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

லைல் காலுறையோடு வெளியே ஓடினார். காலடிகள் வரிசையாகச் சில்லென்று கிடந்தன. சாலை ஓரத்தில், அவள் காரில் ஏறுமுன் கடைசியாக ஊன்றியது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அது மிச்சமிருந்த கோபமா, வேறேதாவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டால் அதுவும் ஆறிவிடும் என்ற பயத்தில் அவர் அப்புறம் டொலிடோவுக்குக் கூப்பிடவே இல்லை. மற்றவற்றில் தன் கையாலேயே விதை போட்டார். ஏப்ரலில் அவை பச்சையாகி, எது எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியாமல் போயிற்று.

வருடங்கள் ஆகிவிட்டன. கோடையில் அந்த ஒன்றைச் சுற்றி வளைத்துப் புல் வெட்டுகிறார். குளிர்காலத்தில் அதில் படுத்துக்கொள்ளத் தெருப் பூனைகள் சண்டை போடுகின்றன. தபால்காரப் பெண் கையுறையைக் கழற்றி, விரல்களை அதில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறாள்.