மூடினால் போதுமா

தண்ணீர்க் கதையை மாறன் ஐந்தாவது முறையாகச் சொன்னபோது, அப்பா மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் செத்தார்.

முதல் முறை அவ்வளவு இல்லை. பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் ஓடி வந்தபோது, "ஒரு வாய் தண்ணி குடிச்சாருக்கா, அவ்ளோதான்" என்று மட்டும் சொன்னான். இரண்டாவது முறை அந்தத் தண்ணீர் அவன் உள்ளங்கையிலிருந்து போனது. மூன்றாவது முறை அப்பாவின் தலை அவன் மடிக்கு வந்தது. நான்காவது முறை "நல்லா இருடா" என்றார். ஐந்தாவது முறை கேட்டவர் சங்கச் செயலாளர் ராஜேந்திரன். கேட்டதை நாளைக்கு அலுவலகம் முழுக்கக் கொண்டுபோகக்கூடியவர். ஆகவே, அடிஅண்ணாமலையில் எழுபத்தெட்டு வருஷம் மலைக்கு முதுகைக் காட்டிக் கத்திரிக்காய் பறித்த ஆதிமூலம், படுத்த படுக்கையில் திரும்பி மலையைக் கும்பிட வேண்டியதாயிற்று. அந்த அறை ஜன்னலில் தெரிவது மலையல்ல, ஜோதியம்மாள் வீட்டுக் கழிவறைச் சுவர். ராஜேந்திரன் போய்ச் சரிபார்க்கவில்லை.

"குடுத்து வச்ச சாவு சார்," என்றார். பௌர்ணமிக்கு வண்டிகளை மறித்துவிட்டதால் மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே உருகினார். "பௌர்ணமி நாளு, அண்ணாமலையார் காலடி, புள்ள கையால தண்ணி. யாருக்குக் கெடைக்கும் சொல்லுங்க?"

மாறன் தலையைக் குனிந்துகொண்டான். பார்ப்பவர்களுக்கு அது துக்கமாகத் தெரிந்தது.

நடந்தது இதுதான். காலை பத்தரை மணிக்கு எழிலரசி டயப்பர் வாங்கக் கிளம்பினாள். அவன் தங்கை. இரண்டு வருஷமாக அப்பாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டிக்கொண்டிருந்தவள். மத்தியானத்துக்கு மேல் கிரிவலக் கூட்டத்தில் மெயின் ரோட்டு மருந்துக்கடைக்குப் போய்த் திரும்ப முடியாது என்று அவசரப்பட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணா, அப்பா தண்ணி கேட்டா ஒடனே குடு. தலைய லேசாத் தூக்கிப் புடிச்சிக்கினு ஸ்பூன்ல குடுக்கணும். லேட் பண்ணாத. நாக்கு மேல ஒட்டிக்குது அவருக்கு."

"நா பாத்துக்கறேன். நீ போ."

டாக்டர் "இன்னிக்கோ நாளைக்கோ" என்று சொல்லிவிட்டதால், வேங்கிக்கால் புது வீட்டிலிருந்து மாறன் முந்தின நாள்தான் வந்திருந்தான். மனைவி மகளின் பிரசவத்துக்காகக் கனடாவில் இருந்தாள். துணைக்கு லேப்டாப் வந்திருந்தது. அதை முன்கூடத்து மேஜையில் திறந்து வைத்துக்கொண்டு பேனர் தயாரித்துக்கொண்டிருந்தான். கண்ணீர் அஞ்சலி பேனர்.

இதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கையில் சிக்க மாட்டான். முன்னேற்பாடுதான் நிர்வாகத்தின் முதல் பாடம். மாறன் அரசு அலுவலகக் கண்காணிப்பாளர். அவனிடம் முதல் பாடங்கள் நிறைய இருந்தன.

'தோற்றம்' என்ற இடத்தில் தேதி போட்டாயிற்று. 'மறைவு' காலியாக இருந்தது பொக்கை வாய் மாதிரி உறுத்தியது. இன்றைக்கு என்றால் வண்டி வராது, பேனர் வராது, அலுவலகத்திலிருந்து மாலையோடு யாரும் வர முடியாது. ஆகவே நாளைய தேதியைப் போட்டான். உத்தேசமாகத்தான். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

"மாறா." உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது. "தண்ணி."

"தோ வரேம்பா. ரெண்டு நிமிஷம்."

அப்போது அவன் தன் பெயருக்குக் கீழே 'கணினித் தமிழ்ச் செம்மல்' என்பதற்கு எழுத்துரு தேடிக்கொண்டிருந்தான். அந்தப் பட்டத்தை அவனுக்குக் கொடுத்தது ஒரு வாட்ஸ்அப் குழு. குழுவின் அட்மின் அவன்தான்.

"மாறா."

"ரெண்டே நிமிஷம்பா."

மூன்றாவது முறை கூப்பிட்டாரா என்று தெரியவில்லை. காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். பட்டம் தங்க நிறத்தில் சரியாக உட்கார்ந்த பிறகு எழுந்து போனான். அப்பாவின் வாய் திறந்திருந்தது. ஸ்டூல்மேல் செம்பும் ஸ்பூனும் எழிலரசி வைத்தது வைத்தபடி இருந்தன.

கூடத்துக்கு ஓடி வந்து முதலில் லேப்டாப்பை மூடினான். அப்புறம்தான் அலறினான்.

மூடினானே தவிர, அணைக்கவில்லை. அணைப்பது அவன் கொள்கைக்கு விரோதம். லேப்டாப்பை அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள் மனித குலத்தின் நேரத்தை வீணடிக்கிறவர்கள் என்று அலுவலகத்தில் வகுப்பே எடுத்திருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது கட்டிலில் கிடந்த அப்பா வெள்ளந்தியாகக் கேட்டார்: "டொப்புனு மூடிட்டியே, அது இப்ப தூங்குதா, செத்துப்பூட்ச்சா?"

கேட்டது தப்பு. அரை மணி நேரம் விளக்கினான். ஸ்லீப் என்பது கோழித் தூக்கம், தட்டினால் எழுந்துகொள்ளும். ஹைபர்னேட் என்பது எல்லாவற்றையும் பத்திரமாக எழுதி வைத்துவிட்டுப் படுப்பது; கரண்டே இல்லாமல் பத்து நாள் கிடந்தாலும் ஒன்றையும் மறக்காது. ஷட் டவுன் என்றால் அவ்வளவுதான், பண்ணிக்கொண்டிருந்த வேலை எதுவும் அதற்கு நினைவிருக்காது.

"அப்ப அந்தக் கடைசிதான் நல்லாக்கீது," என்றார் அப்பா.

"அது ஒண்ணும் தெரியாதவங்க பண்றதுப்பா. விட்ட எடத்துல விட்ட மாதிரியே வந்து நிக்கணும். அதான் அழகு."

அந்த அழகுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று, மூடித் திறந்தால் பாஸ்வேர்டு கேட்பதைக்கூட அவன் நிறுத்தி வைத்திருந்தான்.

மூன்று மணிக்கெல்லாம் குளிப்பாட்டிக் கோடி வேட்டி கட்டி, வாசல் பந்தலில் பெஞ்சுமேல் அப்பாவைக் கிடத்திவிட்டார்கள். தெருமுனையில் கிரிவலப் பாதை. அங்கே ஜனங்கள் வெறுங்காலோடு சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மோர் விற்கிறவனின் ஒலிபெருக்கி இழவு வீட்டுக்கென்று சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணியிருந்தது. நாலரைக்குள் தூக்கிவிட வேண்டும், அதற்குமேல் கூட்டம் ஜாஸ்தியாகி ரோட்டைத் தாண்ட முடியாது என்று பெரியவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழிலரசி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையில் டயப்பர் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றவள் அழுததைவிட, தன்னைத் திட்டிக்கொண்டதுதான் அதிகம். "ரெண்டு வருசம் பாத்துட்டு, போற நேரத்துல கடைக்குப் போனனே." இப்போது அழுகை ஓய்ந்து, அப்பாவின் உதட்டுமேல் உட்கார வந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள். மாறனைப் பார்த்ததும் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"நீ இருந்தியே, அது போதும்ணா," என்றாள். "தண்ணி கேட்டு, இல்லாம பூட்டிருந்தா, நா செத்தாலும் ஆறியிருக்க மாட்டேன்."

அவன் "ம்" என்றான். இப்போதே சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அவன் கைபேசி அடித்தது. கனடாவிலிருந்து மகள் ஓவியா.

"அப்பா, தாத்தா மூஞ்சே சரியாத் தெரியல. ஃபோன் ஆடிக்கினே இருக்கு. லேப்டாப்ல வாங்கப்பா. அம்மாவும் பாக்கணும்னு அழுவுறாங்க."

"அதுல சார்ஜ் இல்லம்மா."

"நீங்கதான ஹைபர்னேட்ல போட்டா பத்து நாள் தாங்கும்னு சொல்வீங்க?"

ஜோதியம்மாள் விவரமானவள். "சார்ஜு இல்லன்னா வயர் போட்டுக்கலாம். மேசமேலதான கீது?" என்று உள்ளே போய்விட்டாள். மாறன் பின்னாலேயே ஓடியிருப்பான். ராஜேந்திரன் புதிதாக வந்த இரண்டு பேரை அழைத்துக்கொண்டு குறுக்கே நின்றார். "இவங்களுக்கும் ஒருவாட்டி சொல்லுங்க சார், அந்தத் தண்ணி விசயம்."

அவன் திரும்பிப் பார்த்தபோது லேப்டாப் எழிலரசியின் மடியில் இருந்தது. அவள் திறந்துவிட்டாள்.

அது கோழித் தூக்கம்தான். தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. விட்ட இடத்தில் விட்ட மாதிரியே வந்து நின்றது.

கண்ணீர் அஞ்சலி. மேலே மூலையில், வாக்காளர் அட்டையிலிருந்து வெட்டியெடுத்த அப்பா, எலுமிச்சம்பழ அளவுக்கு. நடுவில் கோட்டு போட்டு, கை கூப்பி, தங்க நிறப் பட்டத்தோடு மாறன், பூசணிக்காய் அளவுக்கு. கீழே மனைவி பெயர், மகள் பெயர், மருமகன் பெயர், அடைப்புக்குறிக்குள் கனடா. கடைசியில் 'மற்றும் குடும்பத்தார்'. எழிலரசி அந்த 'மற்றும்' என்பதற்குள் எங்கேயோ இருந்தாள்.

அவள் தன் பெயரைத் தேடியதாகத் தெரியவில்லை. எழுத்துக்கூட்டுகிறவள்போலத் தேதியின்மேல் விரல் வைத்தாள்.

"இது நாளைக்கித் தேதி ஆச்சே," என்றாள்.

மாறன் நின்றுகொண்டிருந்தான்.

"செத்ததுலர்ந்து நீ இதுகிட்ட ஒக்காரவே இல்லியே. எப்பப் பண்ண?" குரலை உயர்த்தவில்லை. மற்றவர்களுக்கு அண்ணனும் தங்கையும் ஏதோ ஏற்பாடு பேசுவதாகத்தான் பட்டிருக்கும். "நா மெடிக்கலுக்குப் போனப்பவா?"

பந்தலுக்கு வெளியே பறை அடிக்கிறவர்கள் சுள்ளியில் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாறன் அந்தத் தீயைப் பார்த்தான்.

எழிலரசி அப்பாவின் வாயைப் பார்த்தாள். தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தும் உதடு முழுசாக மூடவில்லை. வெடித்துப்போயிருந்தது. காலையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்த உதடுதான்.

"இத இன்னா பண்றது?" என்று மடியில் இருந்ததைக் காட்டினாள். "மூடினா போதுமா, அணைக்கணுமா?"

அரை மணி நேரம் விளக்கக்கூடிய கேள்வி. அவளே மூடினாள். முந்தானையால் மேல் தூசியைத் துடைத்து ஜோதியம்மாளிடம் கொடுத்து, "வேலைக்காவல்லக்கா. உள்ள வச்சிடுங்க" என்றாள். கைபேசியை வாங்கி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்து, "பாரு ஓவியா, தாத்தாவ நல்லாப் பாத்துக்கோ" என்று காட்டினாள்.

ராஜேந்திரன் விடவில்லை. மாறன் வாய் திறக்காததால் தங்கையிடம் வந்தார். "ஏம்மா, தண்ணி குடிச்சிட்டுத்தான போனாரு? இவங்கல்லாம் கேக்கறாங்க."

எழிலரசி கைபேசியைத் தாழ்த்தி அவரைப் பார்த்தாள். மாறனுக்குக் காது இரண்டும் கொதித்தன. சொல்லிவிடட்டும் என்று நினைத்தான். சொல்லிவிட்டால் இந்தப் பந்தலிலேயே முடிந்துபோகும்.

"ஆமாங்க," என்றாள். "எங்கண்ணன்தான் குடுத்தாரு."

அதற்குப் பிறகு அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. வாய்க்கரிசி போடும்போதும் கூட்டத்தோடு வந்து, குனிந்து, போட்டுவிட்டுப் போனாள்.

நாலே முக்காலுக்குத் தூக்கினார்கள். கிரிவலப் பாதையைக் குறுக்கே தாண்டும்போது சனம் இரண்டாகப் பிரிந்து நின்றது. அத்தனை பேரும் கும்பிட்டார்கள். வாழ்நாளில் ஆதிமூலத்துக்கு வழி விட்ட ஒரே கூட்டம் அதுதான். சுடுகாட்டில் மாறனின் தோளில் கொள்ளிக்குடத்தை ஏற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வெட்டியான் குடத்தில் ஒரு பொத்தல் போட்டார். தண்ணீர் அவன் முதுகில் இறங்கி, இடுப்பு வேட்டியை நனைத்து, கால் வழியாக மண்ணுக்குப் போனது. மூன்று சுற்றில் ஒரு குடம் தண்ணீர். "திரும்பிப் பாக்காதீங்க" என்றார்கள். அவன் பார்க்கவில்லை.

வீடு திரும்பும்போது ஏழு மணி. குளித்து ஈரத்தோடு உள்ளே வந்தான். அப்பா கிடந்த இடத்தில் எழிலரசி அகல் ஏற்றியிருந்தாள். பக்கத்தில் செம்பு வைப்பதற்குச் சாணம் மெழுகியிருந்தாள். ஜோதியம்மாள் அடுப்படியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

லேப்டாப் அதே மேஜையில் இருந்தது. உட்கார்ந்து திறந்தான். பூசணிக்காய் கை கூப்பியபடி இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ஷட் டவுன் என்பதில் அம்புக்குறியைக் கொண்டுபோய் அழுத்தினான். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்றான். நிஜமாகவே வேண்டாமா என்று கேட்கும் என்று எதிர்பார்த்தான். கேட்கவில்லை. பேனர் போயிற்று.

ஆனால் அணையவில்லை. நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அவன் அணைக்காமலே விட்ட அத்தனை மாதத்து அப்டேட்டுகளும் வரிசையில் நின்றன. நான்கு சதவீதம். தயவுசெய்து அணைக்க வேண்டாம் என்று அவனிடமே சொன்னது. மாறன் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்து. இது முடியாமல் எழுந்தால் யாராவது வந்து மூடிவிடுவார்கள், பாதியில் நின்றுவிடும். ஏழு.

"அண்ணா." உள்ளறையிலிருந்து எழிலரசி. மத்தியானத்துக்குப் பிறகு அவனைக் கூப்பிடுவது இப்போதுதான். "அப்பாவுக்குத் தண்ணி வைக்கணும். நீதான் வைக்கணுமாம். எடுத்துக்கினு வா."

"தோ வரேன், ரெண்டு நிமி..."

வாய் பாதியில் நின்றது. உள்ளறையில் சத்தமே இல்லை. அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றிருந்தது.

மாறன் எழுந்தான். குடத்திலிருந்து செம்பில் மொண்டான். விளிம்பு வரைக்கும் மொண்டுவிட்டான். சிந்தாமல் இருக்க இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தரையைப் பார்த்து, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தான்.

மேஜையிலிருந்து அந்த அறைக்கு ஒன்பதே அடிதான் இருந்தது.