நன்றியுரை: ஏழாவது வரைவு

1

ஏழைகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட பக்கங்களில் பொய் இல்லாத முதல் பக்கத்தை நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். இதில் யாரும் அழ மாட்டார்கள். யாருடைய வாழ்விலும் விளக்கு ஏற்றப்படாது. "நான் இருட்டில் இருந்தேன்" என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே கதையை நிறுத்திவிடுவேன். இது வாசகருக்கு நான் தரும் உத்தரவாதம்.

கதை வந்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் சேவைச் சங்கத்தின் செயலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் பல் டாக்டர். சங்கத்தின் ஆண்டு விருந்தில், கல்வி மானியம் வாங்கிய ஒரு பெண் பேசுவதற்கு நன்றியுரை எழுதித் தர வேண்டுமாம். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் "நன்றியுரை தயாரிப்பது எப்படி" என்று நான் எழுதிய கட்டுரையை எங்கோ படித்திருக்கிறார். அது கிண்டல் என்று அவருக்குப் புரியவில்லை.*

* அதிலிருந்த செய்முறை: முதல் வாக்கியத்தில் இருட்டு. மூன்றாவது வாக்கியத்தில் விளக்கு. நடுவில் தண்ணீர் குடிக்க ஓர் இடைவெளி. குடிக்கும்போது கை நடுங்கினால் நன்கொடை கூடும். டாக்டர் இதைக் கத்தரித்துக் கோப்பில் வைத்திருக்கிறார்.

2

தொடக்கம் ஒன்று: "மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அந்தப் பெண்..." வேண்டாம். மழை தூறவில்லை.

தொடக்கம் இரண்டு: "சமூகத்தின் விளிம்பில் இருக்கும் எங்கள்..." அடித்துவிட்டேன். அவள் வீடு பேருந்து நிலையத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது. விளிம்பெல்லாம் இல்லை, நடு ஊர்.

தொடக்கம் மூன்று கொஞ்சம் கட்டுரை போல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருந்தில் சங்கத்தார் கொடுக்கும் நன்கொடை நேராக யாருக்கும் போய்ச் சேராது. மேலே, தலைமை அறக்கட்டளைக்குப் போகும். அங்கே மூன்று வருடம் முதலீட்டில் உட்கார்ந்திருக்கும். பிறகு அதில் ஒரு பாதி ஊர்க் கிளைக்குத் திரும்பி வரும், மருத்துவக் கருவி, குடிநீர், பள்ளிக் கழிப்பறை என்று மனிதநேய மானியமாகவோ, யாராவது படிப்பதற்குக் கல்வி மானியமாகவோ. மறுபாதி உலகத்துக்கு. இந்த ஏற்பாட்டைக் கேலி செய்ய நான் பலமுறை முயன்றிருக்கிறேன். முடியவில்லை. ஏனென்றால் கழிப்பறைகள் உண்மையாகவே கட்டப்பட்டிருக்கின்றன. நான் படித்த பள்ளியிலும் ஒன்று உண்டு. கதவில் பன்னிரண்டு பேர் பெயர் இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது.

கல்வி மானியத்துக்கு ஒரு விதி: ஒருவருக்கு ஒருமுறை, ஒரு வருடத்துக்கு. எல்லாருக்கும் வாய்ப்புப் போய்ச் சேரவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் போட்ட விதி. அந்தப் பெண் சேர்ந்ததோ லேப் டெக்னீஷியன் டிப்ளமோ. இரண்டு வருடப் படிப்பு.

முதல் வருடம் முடிந்தது. இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட ஆளில்லை. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டியூப்களில் பெயர் ஒட்டும் வேலைக்குப் போனாள். அந்த மாதமே ஆண்டு விருந்து. "படிச்சிட்டிருக்கேன்னு மட்டும் சொல்லும்மா, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார் பல் டாக்டர். சங்கத்துச் சின்னம் தைத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ச் சொன்னாள். டைல்ஸ் கடை வைத்திருக்கும் தலைவர் மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு நன்கொடை சேர்ந்ததில்லை.

மீதியை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடமும் சொன்னாள், அதற்கடுத்த வருடமும். இரண்டு வருடப் படிப்பில் நான்காம் ஆண்டு மாணவி. அரங்கு நிறைய வியாபாரிகள், ஆடிட்டர்கள். ஒருவர்கூட விரல்விட்டு எண்ணவில்லை.

3

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணும் கிளினிக்குக்கு வந்திருந்தாள். டாக்டர் ஒரு நோயாளியின் வாயில் பஞ்சு வைத்துக்கொண்டே பேசினார். நான் மூலையில், பிளாஸ்டர் பல் செட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரில் அதுதான் சிரித்த முகமாக இருந்தது.

"சார், இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிடறேன்" என்றாள் அவள். "இன்ஸ்டிட்யூட்ல விசாரிச்சேன். விட்ட இடத்துலேர்ந்து சேர இந்த வருஷந்தான் கடைசியாம். இல்லன்னா பேரையே எடுத்துடுவாங்களாம். ஒரு வருஷக் கட்டணந்தான் சார். சபைல கேட்டா யாராவது குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்கம்மா. கண்டிப்பா குடுப்பாங்க. ஆனா நாங்க வருஷா வருஷம் அறிக்கைல 'பயின்று வருகிறார்'னு போட்டு மேல அனுப்பியிருக்கோமே. பொய்னு தெரிஞ்சா மறுநாளே கிளைக்கு வர்ற மானியத்தை நிறுத்திடுவாங்க. அரசு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு டயாலிசிஸ் மெஷின் வருது. அடுத்த வாரம் கையெழுத்து."

"அதுக்கும் எனக்கும் என்ன சார் சம்பந்தம்?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"அந்த மெஷின் எந்தக் காசுன்னு நெனைக்கிற? மூணு வருஷம் முன்னாடி வந்த காசு. நீ பேசினியே, அந்த விருந்துல."

அவள் அவர் கழற்றிய கையுறையையே பார்த்தாள்.

"நான் தனியா குடுத்துடலாம். மனசு இல்லாம இல்ல. குடுத்தா நாளைக்கு வாசல்ல இருபது பேர் நிப்பாங்க. அப்புறம் சங்கம்னு ஒண்ணு எதுக்கு?"

நாற்காலியில் படுத்திருந்த நோயாளி பஞ்சோடு ஏதோ சொல்ல முயன்றார். "பேசக் கூடாது" என்றார் டாக்டர். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

4

இதுவரை எழுதியதை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன்.

(ஆம், அக்கா. அந்தப் பெண் என் அக்காதான். தூரத்தில் நின்று எழுதினால் நடை இறுக்கமாக வரும் என்று மறைத்திருந்தேன்.)

அவள் சமையலறை மேசைமேல் வெள்ளைக் கோட்டை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டே படித்தாள். சின்னம் தைத்த பையைச் சுற்றி மட்டும் பெட்டி மெதுவாகப் போனது.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஒரு ஆளைத்தான் காணோம்."

"யாரு?"

"தம்பி."

"மூலைல உக்காந்திருக்கேனே."

"அது எழுத்தாளரு. நான் தம்பியக் கேட்டேன்."

"கதைக்குத் தேவைப்படலக்கா. பாத்திரம் கூடிப்போச்சுன்னா வாசகருக்குக் குழப்பம்."

"நீ சொன்னா சரி" என்று கோட்டைத் திருப்பிப் போட்டாள்.

 பிழைதிருத்தம்: இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட ஆளில்லை என்று எழுதியிருந்தேன். அந்த ஜூனில் வீட்டில் ஒருவருடைய கட்டணத்துக்குப் பணம் இருந்தது. அது கட்டப்பட்டது. நான் இப்போது நான்காம் ஆண்டு. "என்னோடத சங்கம் பாத்துக்கும், நீ போய்ச் சேருடா" என்று சொன்னது அவள். நம்பியது நான். உண்மையிலேயே நம்பினேனா, அல்லது நம்புவது எனக்கு வசதியாக [இந்த வாக்கியம் கைவிடப்படுகிறது]. அதற்குப் பிறகு கட்டிய கட்டணமெல்லாம் டியூபில் பெயர் ஒட்டிய சம்பளம். பொய் இல்லாத முதல் பக்கம் என்றுதான் சொல்லியிருந்தேன். இரண்டாம் பக்கத்துக்கு உத்தரவாதம் தரவில்லை.

5

முடிவு அ: மேடையில் அக்கா உண்மையைச் சொல்கிறாள். அரங்கமே அமைதியாகிறது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, "இந்தப் பெண்ணின் படிப்பு என் பொறுப்பு" என்கிறார்.

இதை வாசித்துக் காட்டினேன்.

"யாருடா அந்த ஆளு?"

"தெரியலக்கா. யாரோ ஒரு நல்லவர்."

"மூணு வருஷமா அவரு எங்க உக்காந்திருந்தாராம்?"

அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: தம்பி கல்லூரியை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறான். அக்கா மறுபடி படிக்கப் போகிறாள். இதை வாசிக்கும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிப்போனது. தலையைத் தூக்காமல் வாசித்தேன்.

அக்கா சிரித்துவிட்டாள். "நீ என்னடா வேலை பாப்ப? நாலு பேரை நக்கலடிக்கறதுக்கு எவன் சம்பளம் தருவான்?"

நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவள் சொன்னது நன்றாக இருந்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்தபோது அந்தப் பேச்சும் முடிந்திருந்தது.

முடிவு இ என்னுடையது அல்ல. அக்கா சொன்னது.

"லேபுக்கு ஒரு லாரி டிரைவர் வருவாரு. இப்ப லாரியெல்லாம் ஓட்டறதில்ல. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், பஸ்ல. போன வாரம் டியூப்ல அவரு பேரை ஒட்டிட்டிருக்கேன், 'ஏம்மா, இங்கயே மெஷின் வருதாமே, நெசந்தானா?'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"வருதுன்னுட்டேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"படிச்சு முடிச்சுட்டேன்னு எழுதுடா. முடிச்சவளை அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க."

"இன்ஸ்டிட்யூட்ல பேரை எடுத்துடுவாங்களேக்கா."

"டியூப்ல மத்தவங்க பேரை ஒட்டறதுக்கு அங்க என் பேரு எதுக்கு?"

இதற்குப் பதிலாக ஒரு நகைச்சுவை யோசித்தேன். வரவில்லை. எனக்கு அப்படி ஆவது இதுதான் முதல்முறை.

6

முடிவை வாசகரிடம் ஒப்படைத்துவிட்டு எழுத்தாளன் கையைக் கழுவிக்கொள்வது இந்த மாதிரிக் கதைகளுக்கு ஒரு சௌகரியம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உங்களுக்காகக் கீழே நான்கு வரி இடம்கூட விட்டிருந்தேன். உங்களில் யாராவது அ, ஆ, இ மூன்றிலும் இல்லாத ஒன்றை எழுதிவிட மாட்டீர்களா என்று ஆசைதான். இரண்டு நாள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று மாலைதான் விருந்து. அக்கா ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். கோட்டைப் போட்டுக்கொண்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "ஆச்சாடா?" என்று இரண்டாவது தடவையாகக் கேட்கிறாள்.

நீங்கள் யாரும் வரவில்லை. இடம் காலியாகத்தான் இருந்தது.

பேரன்புமிக்க தலைவர் அவர்களே, சங்கத்தின் பெரியோர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

(இங்கே நிறுத்து. தண்ணீர் குடி, அக்கா. கை நடுங்கினால் மறைக்காதே.)

நான்கு வருடங்களுக்கு முன்பு, நான் இருட்டில் இருந்தேன்.