விரலுக்குத் தெரிந்த நோட்டு

காகிதக்கடைக்காரருக்கு ஒரு பெருமை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாளைத் தடவினால் போதும், அது எழுபது கிராம் ரகமா எண்பது கிராம் ரகமா, மழையில் நனைந்து காய்ந்ததா, மட்டச் சரக்கா என்று சொல்லிவிடுவார். கடைக்கு வரும் அச்சகத்துக்காரர்கள் வேண்டுமென்றே தாளை மாற்றி நீட்டிப் பார்ப்பார்கள். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் தோற்றதில்லை.

"என் விரலை ஏமாத்த இன்னும் ஒருத்தன் பொறக்கல" என்பார். அவர் மனைவிக்கு இந்த வசனம் மனப்பாடம். அவர் "என் விரலை" என்று ஆரம்பிக்கும்போதே அவள் மீதியை முடித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

மகள் வேலைக்குப் போன முதல் வருஷம், பெற்றவர்களுக்கு நாலு நாள் கப்பல் பயணத்துக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தாள். சாப்பாடு, தங்கல் எல்லாம் சீட்டிலேயே அடக்கம். நடுவில் இறங்கும் இரண்டு ஊர்களில் செலவு செய்யத்தான் டாலர் வேண்டும். "பேங்க்ல மாத்துங்கப்பா, ரசீது கேட்டு வாங்குங்க" என்று போனில் மூன்று தடவை சொன்னாள். அவரும் மூன்று தடவை "சரிம்மா" என்றார்.

சொல்வது யாருக்கும் சுலபம்தானே! பேங்கில் சொன்ன விலையைக் கேட்டதும் அவருக்கு வயிறு எரிந்தது. அந்த நேரம் பார்த்து மைத்துனன் வந்து, பஸ் நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவன் மலிவாகத் தருகிறான் என்றான். நூறு டாலருக்கு ஒரு கட்டுக் காகிதத்தின் விலை மிச்சம். மனிதர் மறுநாளே போய் நின்றார்.

பச்சைச் சட்டை போட்டிருந்த அந்த ஆள், ஐந்து நூறு டாலர் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தான்.

"ரசீது?"

"ரசீது வேணும்னா பேங்குக்குத்தான் போகணும் சார்" என்று சிரித்தான்.

நாலு நோட்டுகள் துணிபோல லேசாகச் சொரசொரவென்று இருந்தன. ஐந்தாவது மட்டும் விரலில் வழுக்கியது. முப்பது வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? விரல் உடனே சொல்லிவிட்டது.

"இது என்னப்பா..." என்று இழுத்தார்.

"புது நோட்டு சார். அப்படித்தான் இருக்கும்."

புதுசு என்றால் வழுவழுப்பாகத்தான் இருக்கும் என்று அவரும் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். நாலு நோட்டைப் பர்ஸில் வைத்தார். ஐந்தாவதைச் சட்டையின் உள்பையில் தனியாகச் செருகினார். நல்ல நோட்டுதான் என்றால் எதற்கய்யா தனியாக வைத்தீர் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

கப்பலில் அவர்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். அவர்கள் பேச்சையே அவளும் பேசியதில் காகிதக்கடைக்காரர் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெண்ணும் முதல் நாளே "அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள். குளியல் துண்டை யானை மாதிரி மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போவாள். தலைமுடியை ஊதா நிற ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டியிருப்பாள். மகள் நர்ஸ் படிப்பு படிக்கிறாளாம். வருஷத்தில் ஒன்பது மாதம் இவள் கடலில், அவள் பாட்டியோடு வீட்டில்.

இரண்டாம் நாள் காலை கப்பல் முதல் ஊரில் நின்றது. மனைவி மேல்தளத்தில் காலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தாள். காகிதக்கடைக்காரர் அறையில் செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது பணிப்பெண் வந்து கதவருகே தயங்கி நின்றாள்.

"சார், ஒரு உதவி. கப்பல்ல எல்லாரும் குடுத்த ஒரு டாலர், அஞ்சு டாலரா சேர்த்து நூறு வச்சிருக்கேன். கரையில பணம் அனுப்பற இடத்துல சின்ன நோட்டுன்னா ரேட்டைக் குறைச்சிடுவாங்க. உங்ககிட்ட பெரிய நோட்டு இருந்தா மாத்திக் குடுப்பீங்களா? பயணிங்ககிட்ட பணம் மாத்தக் கூடாதுன்னு இங்க சட்டம் வேற. பொண்ணுக்கு பரீட்சைப் பணம் கட்டணும், அதான் கேக்கறேன்."

அவருக்கும் சில்லறை வேண்டியிருந்தது. கடைத்தெருவில் நூறு டாலரை நீட்டினால் யார் மீதி கொடுப்பார்கள்? "அதுக்கென்னம்மா, தாராளமா" என்றார்.

பர்ஸ் மேசைமேலேயே இருந்தது. ஆனால் கை பர்ஸுக்குப் போகவில்லை. உள்பைக்குப் போனது.

பாவி மனுஷன்! ஒரு நொடி, ஒரே நொடி, அந்த வழுவழுப்பு விரலில் பட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அவள் நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தன் தலையிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி, சின்ன நோட்டுகளைச் சுருட்டி அதை மாட்டிக் கொடுத்தாள். "எண்ணிக்கோங்க சார்" என்றாள். "உன்னை நம்பாமலா" என்றார் அவர்.

மறுநாள் காலை, கப்பல் இரண்டாவது ஊரை நெருங்கும்போது, ஒரு கப்பல் அதிகாரி அறைக் கதவைத் தட்டினார். கையில் ஒரு தாளும் பேனாவும்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார். உங்க அறையைப் பாத்துக்கற பொண்ணு நேத்து கரையில பணம் அனுப்பப் போனப்போ கள்ள நோட்டோட பிடிபட்டிருக்காங்க. போலீஸ்ல விசாரிச்சு அனுப்பினாங்க. நீங்க மாத்திக் குடுத்ததுன்னு சொல்றாங்க. அப்படியா சார்?"

காகிதக்கடைக்காரர் மேசைமேல் இருந்த பர்ஸைப் பார்த்தார். ரசீது எங்கே? பச்சைச் சட்டையின் பேர்கூடத் தெரியாதே! இன்னும் நாலு நோட்டு பர்ஸில் இருக்கிறதே!

"நானா? இல்லையே" என்றார்.

மனைவி பாவம், ஒன்றும் அறியாதவள், தன் பங்குக்கு வக்காலத்து வாங்கினாள். "இவர் எதுக்கு சார் மாத்தப் போறார்? இவர் விரலை ஏமாத்த இன்னும் ஒருத்தன் பொறக்கல. கள்ள நோட்டுன்னா தொட்ட உடனே சொல்லிடுவாரே."

அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கரையிறங்க வரிசையில் நின்றபோது பணிப்பெண்ணைப் பார்த்தார்கள். சீருடை இல்லை. முடியை நூலால் கட்டியிருந்தாள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காவலர் பக்கத்தில் நிற்க, எதிர்ப் படியில் இறங்கத் தயாராக இருந்தாள். அவள் இவரையே பார்த்தாள். இவர் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது அவள் இல்லை.

"அந்தப் பொண்ணைப் பாத்தா அப்படிச் செய்யற மாதிரியா இருக்கு?" என்று மனைவி வழியெல்லாம் புலம்பினாள். அவர் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஒரு கடையில் மனைவி மகளுக்கு ஒரு சின்னக் கைப்பை எடுத்தாள். எட்டு டாலர். காகிதக்கடைக்காரர் மறதியாக அந்தச் சுருளையே வெளியே எடுத்தார். ஊதா ரப்பர் வளையம். அதில் இரண்டு நீள முடி சிக்கியிருந்தது.

மனைவி கைப்பையைக் கீழே வைத்தாள்.

"இது அவ தலையில இருந்தது."

அவர் சுருளை மறுபடி பைக்குள் திணித்தார்.

"அது கள்ள நோட்டுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகமா இருந்துச்சு."

"சந்தேகமா இருந்த நோட்டு அவளுக்கு, சந்தேகம் இல்லாத நோட்டு உங்களுக்கா? நான் வேற உங்களுக்காகச் சாட்சி சொன்னேனே! அவ பொண்ணு வயசுதானே நம்ம பொண்ணுக்கும்!"

நடுக்கடையில் நின்று அவள் அழுதாள். கைப்பையை வாங்காமலே இருவரும் கப்பலுக்குத் திரும்பினார்கள். அவர் நேரே அதிகாரியின் அறைக்குப் போய், பச்சைச் சட்டையில் தொடங்கி ஊதா வளையம்வரை ஒன்று விடாமல் சொன்னார்.

அதிகாரி சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அவங்க இந்நேரம் விமானத்துல இருப்பாங்க சார். பயணிகிட்ட பணம் மாத்தினது சின்னத் தப்பு. ஒரு எச்சரிக்கையோட போயிருக்கும். ஆனா நோட்டு எங்கேர்ந்து வந்ததுன்னு அவங்க சொன்னதை நீங்க இல்லைன்னுட்டீங்க. அதுலதான் வேலை போச்சு. காலையில கேட்டேனே சார், அப்பவே சொல்லியிருக்கலாமே."

காகிதக்கடைக்காரர் அவளுக்குச் சேரவேண்டிய நூறு டாலரை அதிகாரியிடமே கொடுத்து அவளுக்கு அனுப்பச் சொன்னார். கைப்பட வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். ஊர் திரும்பியதும் போலீசிலும் எழுதிக் கொடுத்தார். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தலைகுனிந்து பதில் சொன்னார். மகளிடமும் சொன்னார், அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துக் கப்பல் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பணம் அவளிடம் சேர்ந்துவிட்டதாம். வேலை திரும்பக் கிடைத்ததா, பெண் பரீட்சை எழுதினாளா என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

இப்போதெல்லாம் அச்சகத்துக்காரர்கள் தாளை நீட்டினால் அவர் தடவிப் பார்ப்பதில்லை. தராசில் வைத்து எடை சொல்கிறார்.

போன வாரம் மைத்துனன் கடைக்கு வந்தான். அவனும் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்புகிறான்.

"அத்தான், பச்சைச் சட்டை கடையை மூடிட்டான். வேற ஒரு ஆள் இருக்கானாம், இன்னும் மலிவாம். நீங்க கூட வந்தா தொட்டுப் பாத்து வாங்கிடலாம். உங்க விரலைத்தான் யாராலயும் ஏமாத்த முடியாதே!"

காகிதக்கடைக்காரர் கல்லாப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஓரத்தில் அந்த ஊதா வளையம் கிடந்தது. அதை எடுத்து மைத்துனன் முன்னால் வைத்தார்.

"என் விரலை யாரும் ஏமாத்தல மச்சான். அது சரியாத்தான் சொல்லுச்சு. கேக்காதது நான். மலிவா வாங்கற டாலருக்கும் முழு விலை உண்டு. அதை நாம கட்டலைன்னா, நம்மளை நம்பி ரெண்டு கையாலயும் வாங்கிக்கற யாரோ ஒரு ஏழை கட்டறாங்க. பேங்குக்குப் போ, ரசீது வாங்கு."