பாதுகாப்பாக மாட்டிய சிலிண்டர்

பட்டறைக் கதவைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு, மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய மனைவியின் தம்பி தன் பழைய காரை உறுமவிட்டபடி வாசலில் நிறுத்தினான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் விற்பவன். பெற்றோர் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்காதான்.

“மானம் போகுது மாமா. நேத்து பஸ்ஸு என்னைத் தாண்டிப் போகுது. இனிமே நடந்து போறவங்க தாண்டுறது மட்டும்தான் பாக்கி.”

“நீ போய்ச் சேர்றதுக்குள்ள அந்த வீட்டுத் தண்ணி என்ன வத்தியா போயிடும்? மெதுவா போ மாப்ளே.”

“கிண்டல் பண்ணாதீங்க. வண்டி பறக்கிற மாதிரி நைட்ரஸ் வாயு சிலிண்டர் மாட்டிக் குடுங்க. உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க, மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒருத்தன் அரை நாள்ல முடிச்சுத் தரேன்னான்.”

மெக்கானிக்கின் கை நின்றது. அந்த ஆளை அவருக்குத் தெரியும். சிலிண்டரில் அழுத்தம் ஏறவேண்டும் என்று அதைத் தீயில் காட்டுகிறவன்.

மத்தியானம் சாப்பாட்டுடன் வந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்ப்பவள்.

“எங்க கிளினிக்ல குடுக்குற சிரிப்பு வாயுதானே அது? மனுஷனுக்குக் குடுத்தாலே தலைகால் புரியாம உளர்றான். வண்டிக்கு எதுக்குங்க அந்தக் கண்றாவி?”

“அது தானா எரியாது. இன்ஜின் சூட்டுல உடைஞ்சு ஆக்ஸிஜனைக் கூடுதலா குடுக்கும். அதுக்கு ஏத்த மாதிரி பெட்ரோலும் கூடப் போகணும். குறைஞ்சா பிஸ்டன் மெழுகு மாதிரி உருகிடும். கண்டவன் கைல குடுத்தாத்தான் ஆபத்து.”

“நீங்க மாட்டினா அவனுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஆகாது. நான் மாட்டலேன்னாலும் எங்கேயாவது போய் மாட்டிக்கத்தான் போறான்.”

“அப்ப நீங்களே மாட்டிடுங்க. கூட இருந்து பாத்த மாதிரி இருக்கும்.”

அத்துடன் அவளுடைய பயம் தீர்ந்தது. அவருக்கோ தொழில் கர்வம் தலைக்கேறியது. சாதாரணத் தெருவில் ஓடும் வண்டியில் இதைப் பயன்படுத்தச் சட்டம் விடுவதில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. ‘ஊரில் எவன் மாட்டவில்லை’ என்று அதை ஒதுக்கி வைத்தார். சோற்றைப் பிசைந்தபடி இருவரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

வேலை என்று இறங்கினால் அவரிடம் அவசரம் கிடையாது. வாயு போகும் துளையான ஜெட்டில் இருப்பதிலேயே சிறியதைத் தேர்ந்தெடுத்தார். சூடு தாங்கும் பிளக்குகளைப் போட்டார். பிளக்கில் பொறி விழும் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினார். பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் வாயு தானே நிற்க ஒரு சுவிட்ச் வைத்தார். ஆக்ஸிலரேட்டர் மிதி முழுவதும் அமுங்கினால்தான் வாயு போகும், கால் இம்மி எழும்பினாலும் நின்றுவிடும் என்று இன்னொரு சுவிட்ச். டிக்கியில் சிலிண்டரை இரண்டு பட்டைகளால் இறுக்கி, அழுத்தம் மிஞ்சினால் வாயு வண்டிக்கு வெளியே போகக் குழாய் விட்டார். பிறகு சிலிண்டர்மேல் தன் பட்டறையின் ஸ்டிக்கரையும் ஒட்டினார்.

ஊருக்கு வெளியே, ஆளில்லாத பொட்டலில் ஓட்டிப் பார்த்தார்கள். மிதியை அமுக்கியதும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது.

“ஐயோ மாமா! சக்கரம் தரையில இருக்கா, பாத்துச் சொல்லுங்க!”

“பந்தயத் திடல்ல மட்டும்தான் இதை ஆன் பண்ணணும். என்ன?”

“உங்க மேல சத்தியம் மாமா.”

“என் மேல எதுக்குடா? உன் மேல பண்ணு” என்று அவரும் சிரித்தார்.

சத்தியம் சில வாரங்கள் தாங்கியது. முதலில் ஊருக்கு வெளியே உள்ள சாலையில், அப்புறம் பாலத்தின்மேல், கடைசியில் கடைத்தெருவில் என்று அவன் அதை ஆன் செய்யப் பழகினான். ஒருமுறைகூட இன்ஜின் முரண்டு பிடிக்கவில்லை. கொஞ்சம் பிடித்திருந்தாலாவது பயந்திருப்பான். ‘எங்க மாமா கைவேலை, ஒண்ணும் ஆகாது’ என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தான்.

ஒருநாள் காலையில் நிறுத்தத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது. அது கிளம்புவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று அவன் மிதியைத் தரையோடு அமுக்கினான். தைத்து முடித்த பள்ளிச் சீருடைக் கட்டைத் தோளில் சுமந்தபடி, பஸ்ஸின் முன்பக்கமாகத் தெருவைக் கடந்தாள் ஒரு தையல்காரப் பெண். கார் மோதியதில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய தேவைகூட இல்லாமல் போனது. சின்னச் சின்னச் சட்டைகள் தெருவெங்கும் கிடந்தன. யாரும் அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள்.

அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் படுக்க வைத்தார்கள். சிலிண்டர்மேல் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, வண்டியைச் சோதித்துச் சொல்ல மெக்கானிக்கை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மனைவியும் கூடவே வந்து, கேட் அருகில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மிதி சிக்கிக்கிச்சுன்னு சொல்லிடுங்க. உங்க வேலையில கோளாறுன்னு சொன்னா கடை போயிடும், தெரியும். போகட்டும்ங்க. எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்.”

அவர் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார்.

ஸ்டேஷன் வளாகத்தில் நின்ற காரின் பானெட்டைத் திறந்தபோது ஏதாவது ஒன்று உடைந்திருக்க வேண்டும் என்று அவர் மனம் தவித்தது. மிதியை அமுக்கி விட்டார், துள்ளி எழுந்தது. பிரேக்கைப் பார்த்தார். சுவிட்சுகளைப் பார்த்தார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சீராக ஓடியது. இத்தனை நன்றாகத் தான் வேலை செய்ததற்காக வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வருந்தினார்.

“என்னய்யா, எங்கேயாவது சிக்கியிருக்கா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

கேட்டுக்கு வெளியே மனைவியின் முகம் தெரிந்தது.

“இல்ல சார். எல்லாம் சரியா இருக்கு. காலைக் கொஞ்சம் எடுத்திருந்தாலும் வாயு நின்னுருக்கும். அவன் எடுக்கல.”

“யாரு மாட்டினது?”

“நான்தான் சார்.”

“தெருவுல கூடாதுன்னு தெரியுமா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சேதான் மாட்டினியா? எங்கேயும் போயிடாதே. கூப்பிடுவோம்.”

வெளியே வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தே அவள் கேட்டாள். “சொல்லலையா?”

“சொல்ல வாய் வரல. இன்ஜின் உருகக் கூடாதுன்னு யோசிச்சேன். சிலிண்டர் வெடிக்கக் கூடாதுன்னு யோசிச்சேன். நடந்து போறவங்களை ஒரு தடவைகூட நினைக்கல. ஜனங்க நடமாடுற தெருவுல அந்த வேகத்துக்குப் பாதுகாப்புன்னு ஒண்ணு கிடையாது. வண்டியைப் பத்திரமா செஞ்சுட்டா போதும்னு நினைக்கிறவன் எவனும் என்னை மாதிரி ஒரு கொலைக்குத்தான் துணை போவான்.”

அவள் அழுகையில்லாத வறண்ட குரலில் சொன்னாள்.

“இதை அவன் வந்து கேட்ட அன்னிக்குச் சொல்லியிருக்கணும். நானும் சொல்லல. சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு இன்னிக்குத் தச்சுக்கிட்டு இருந்திருப்பா.”

சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் நடந்தாள். கூட வரட்டுமா என்று கேட்க அவருக்குத் துணிவில்லை.