பிரித்தெடுத்த கணக்கு

கூட வேலை பார்க்கும் லிகாயா தன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டியபோது டாரியா ஹலுஷ்சாக் பாதி பெரோகிக் கொழுக்கட்டையை வாயில் வைத்திருந்தாள்.

"டாரியா, இதப் பாரேன். ஐநூத்தி இருபது கிராம் குழந்தை. பழைய மிஷின் குடுத்த மருந்தவிட உன் கணக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சொல்லுது."

"ஆஸ்பத்திரிக்காரங்க எடைய தப்பா எழுதியிருப்பாங்க."

"பதினேழு குழந்தைக்குமா?"

குறைமாதக் குழந்தைகளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் இயந்திரம் அது. மருந்தின் அளவைச் சொல்லும் கணினிக் கணக்கு டாரியா எழுதியது. அந்த இயந்திரத்தைச் செய்யும் வின்னிபெக் அலுவலகத்தில் அதற்காகவே அவளுக்குத் தனி மரியாதை. பழைய இயந்திரத்தைக் கைவிடப்போகிறார்கள் என்றதும், எந்த இயந்திரத்திலும் பொருத்திக்கொள்ளலாம் என்று அந்தக் கணக்கை மட்டும் அவளே நான்கு மாதம் உட்கார்ந்து பிரித்தெடுத்தாள். இயந்திரத்தோடு அதை ஒட்டவைத்திருந்த இணைப்புப் பகுதி, முன்பு அங்கே வேலை பார்த்த வெர்ன் பென்னர் எழுதியது. கந்தலான ஒட்டுவேலை என்று சிரித்துக்கொண்டே, படித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப்போட்டாள். சோதனைகளையும் அவளே எழுதினாள். எல்லாம் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடைகள். பழைய ஆஸ்பத்திரிப் பதிவுகளை லிகாயா அதில் போட்டுப் பார்ப்பது இன்றைக்குத்தான் முதல் தடவை.

டாரியா பழைய கோப்பைத் தேடித் திறந்தாள். வெர்ன் அவளுக்கு அடுத்த மேசையில் எட்டு வருடம் உட்கார்ந்திருந்தவன், ஆட்குறைப்பில் போய்விட்டான். அவனுடைய ஒட்டுவேலையின் நடுவே ஒரு குறிப்பு இருந்தது.

'ஒரு கிலோவுக்குக் குறைந்த எடையை இந்தக் கணக்கு ஒரு கிலோ என்றே எடுத்துக்கொள்கிறது. டாரியாவிடம் இரண்டு முறை கேட்டேன், திறக்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் எடையைப் பத்தால் பெருக்கி அனுப்பி, வரும் அளவைப் பத்தால் வகுக்கிறேன். தயவுசெய்து இதை நீக்க வேண்டாம்.'

எழுதியவர் சம்மதமில்லாமல் அவர் பகுதியில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம் மாதிரி. வெர்ன் கேட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. "உன் வேலைய நீ பாரு வெர்ன்" என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. இத்தனை வருடம் அவள் வாங்கிய பாராட்டெல்லாம் அவன் பத்தால் வகுத்துக் கொடுத்தது. அவமானமாக இருந்தது. அதை நினைக்கக்கூட நேரமில்லை.

"புது மிஷின் பிராண்டன் ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சா?" என்றாள்.

"காலையிலயே மாட்டிட்டாங்களே" என்றாள் லிகாயா.

டாரியா போட்ட போனை பிராண்டன் வார்டில் நான்காவது முறை மணி அடித்தபோது ஒரு நர்ஸ் எடுத்தாள்.

"புது மிஷின்ல ஒரு கிலோவுக்குக் கீழ குழந்தை யாராவது இருக்கா?"

"இருக்கே. மதியம் பொறந்த பொண்ணு, அறுநூறு கிராம். இப்பத்தான் போட்டோம். நீங்க யாரு பேசறது?"

"நிறுத்துங்க. உடனே நிறுத்துங்க. அளவு தப்பு."

"டாக்டர் சொல்லாம எப்படிங்க நிறுத்தறது? அளவு தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கணக்க எழுதினது நான்தான்" என்றாள் டாரியா.

அந்தப் பக்கம் ரிசீவரை மேசையில் போடும் சத்தம். காலடிகள் ஓடின. திறந்து கிடந்த போனுக்குள், எங்கோ தள்ளி, இயந்திரம் ஒரே சீராக டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.