ரொட்டியில் எழுந்த பெயர்

பெருநாள் கழிந்த செவ்வாய்க்கிழமை, வெயில் கூரைக்கு வந்த நேரத்தில், ரதீபா அங்கே உப்ப வைத்திருந்த ரொட்டி மாவில் பழைய காலத்துப் பட எழுத்துகள் எழுந்து நின்றன. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு காடைக் குஞ்சு, அதற்கு மேல் நீரலை போல ஒரு கோடு, ஓரத்தில் ஒரு சின்ன ரொட்டி. ரதீபா ஒரு மண்தட்டைத் திருப்பி வைத்தாள். குஞ்சும் திரும்பிக்கொண்டது. தவிட்டைத் தூவினாள். தவிட்டை உதறிவிட்டு நின்றது. அதற்குள் அடுப்பு சூடேறிவிட்டதால் எல்லாவற்றையும் சுட்டு எடுத்தாள். மதியம் வெங்காயத்தோடும் பழைய பாலாடைக்கட்டியோடும் வீட்டார் சாப்பிட்டார்கள். ருசியில் குறை இல்லை.

எழுத்து அவள் வீட்டுடையது அல்ல. ஓரகத்தி நவாராவின் வீட்டுடையது. ஆற்றின் மேற்குக் கரையில், பழங்காலத்துக் கல்லறைகள் குடைந்த குன்றில், வீடுகளைக் கல்லறை வாசல்களில்தான் கட்டியிருந்தார்கள். முன்னால் மண் சுவர், பின்னால் மலைக்குள் அறை. மாமனார் இறந்து பாகம் பிரித்தபோது முதலில் எடுக்கும் உரிமை ரதீபாவின் கணவன் பகீதுக்கு இருந்தது, அவன்தான் மூத்தவன். எருமை நிற்கத் தோதான பெரிய குகையை அவன் எடுத்தான். எடுக்கச் சொன்னது ரதீபா. நவாராவின் கணவனான தம்பி ஹம்தானுக்கு மிஞ்சியது வைக்கோலுக்கும் பற்றாத ஒரு பொந்து. இடம் போதாமல் அவன் பின்சுவரைக் கொஞ்சம் இடித்தான். கடப்பாரை கையை விட்டு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அந்தப் பக்கம் ஓர் அறை இருந்தது. தரையிலிருந்து கூரைவரை வண்ணம், வண்ணத்தின் மேல் எழுத்து. ரதீபாவால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. தேர்ந்தெடுத்தது அவள்.

பழங்காலக் கல்லறைகளைத் தோண்டிப் பார்க்க வந்தவர்களின் தலைவரான வெள்ளைக்காரர் ஒரு குளிர்காலம் முழுதும் அந்த அறையில் உட்கார்ந்து எழுத்துகளைப் படியெடுத்தார். வெளிநாட்டுத் துரை என்ற பொருளில் குன்றில் அவரைக் கவாஜா என்றார்கள். உடன் வந்த கெனாவி மேஸ்திரி பல கவாஜாக்களோடு வேலை செய்தவர். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். "இந்தக் கல்லறைக்காரன் அரண்மனையில எழுத்து வேலை பார்த்தவனாம். பெண்டாட்டி செத்துட்டா. சுவர் பூரா அவ பேரையே எழுதி வச்சிருக்கான். ஹெனுத், ஹெனுத்துன்னு. பேரு இருக்கிற வரைக்கும் அவளும் இருப்பாளாம்." கேட்ட ஆண்கள் சிரித்தார்கள். அந்தக் குன்றில் எந்த ஆணும் அடுத்தவன் முன்னால் தன் மனைவியின் பெயரைச் சொல்வதில்லை. வீடு என்பான், பிள்ளைகளின் தாய் என்பான். ரதீபா மகன் பிறந்ததிலிருந்து ஷாதுலி அம்மா. அவள் பெயரைக் கடைசியாகச் சொன்னது அவளுடைய தாய். அந்தத் தாய் காலரா ஆண்டில் போய்விட்டாள்.

கவாஜாவுக்கு இந்த வழக்கம் தெரியாது. ஒரு நாள் கூலியாட்கள் எல்லாரும் இருக்கும்போது, "நவாரா, டீ!" என்று கூப்பிட்டார். கூடைகள் அப்படியே நின்றன. ஹம்தான் கோபப்பட்டிருக்க வேண்டும். தன் கால்களைப் பார்த்துவிட்டு அவனே டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தான். சாயங்காலம் நவாரா ஓரகத்தியிடம் வந்தாள்.

"என்னமோ மாதிரி இருந்துச்சுக்கா. என் பேரு இவ்வளவு நீளமான்னு தோணுச்சு."

"நீளமா இருந்தா மடிச்சு வச்சுக்கோ," என்றாள் ரதீபா.

அன்று முதல் ரதீபாவுக்கு வயிறு எரிந்தது. மடியில் கட்டிவந்த முட்டைகள் வீட்டுக்கு வருவதற்குள் வெந்திருந்தன. பகீத் உரித்துச் சாப்பிட்டான், உப்பு கேட்டான். ஈரத் துணியை இடுப்பில் சுற்றினால் நொடியில் காய்ந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் குளிருக்கு அவள் பக்கத்தில் உட்கார இடம் பிடித்தார்கள். அவள் நவாராவைப் பார்த்து எரிந்தாள். அதைவிட அதிகமாக ஹெனுத்தைப் பார்த்து எரிந்தாள். செத்த பிறகும் ஒருத்திக்கு இத்தனை சுவரா?

நோன்பு முடிந்து பெருநாளும் கழிந்தது. கவாஜா நகரத்துக்குப் போயிருந்தார். நவாரா துணி துவைக்க ஆற்றுக்குப் போயிருந்தாள். ரதீபா ஒரு குடம் தண்ணீரோடு அந்த அறைக்குள் நுழைந்தாள். தரை நனைந்தால் காட்டிக்கொடுக்கும் என்று கீழே ஒரு தாம்பாளத்தை வைத்து, சுவரில் ஊற்றினாள். சாயம் கரைந்து எல்லாம் கூழாகும் என்று எதிர்பார்த்தாள். சாயம் அசையவில்லை. எழுத்துகள் மட்டும் வரிசையாக இறங்கித் தாம்பாளத்துக்குள் போயின. மற்றச் சுவர்களில் இருந்தவையும் நடந்து வந்து சேர்ந்துகொண்டன. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. தூக்கும்போது கனத்தது.

அதை வெளியே கொட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் எழுத்து பட்ட தண்ணீரை அங்கே யாரும் தரையில் கொட்டுவதில்லை. காய்ச்சல் வந்தால் பள்ளிவாசல் ஷேக் கிண்ணத்தின் உட்புறத்தில் குங்குமப்பூ மையால் வேத வசனம் எழுதித் தருவார். அதைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். மிஞ்சினால் சமையலில் சேர்ப்பார்கள். கால் படுகிற இடத்தில் ஊற்றுவது பாவம். எந்த எழுத்து, யாருடைய எழுத்து என்று ரதீபாவுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை. அழிக்க வந்தவளுக்குக் கொட்டப் பயமாக இருந்தது. வீட்டுக்கு எடுத்துவந்து ரொட்டி மாவில் ஊற்றிப் பிசைந்தாள்.

நவாரா எழுத்தில்லாத சுவரைப் பார்த்துக் கத்தியது அக்கரைக்குக் கேட்டது. திரும்பி வந்த கவாஜா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி மதியத்துக்கு ரதீபா வீட்டில் ரொட்டி வாங்குகிறவர். கடிக்கப் போனவர் கடிக்காமல் அதைக் கவாஜாவிடம் கொண்டுபோனார். மறுநாள் பிசைந்த மாவிலும் அதே எழுத்து எழுந்தது; அன்றிலிருந்து கவாஜா ரதீபாவின் கூரையில் குடையை விரித்து உட்கார்ந்து மாவைப் பார்த்துப் படியெடுத்தார். நவாராவும் ஏறி வந்தாள்.

"எங்க வீட்டுச் சுவரு உங்க வீட்டு மாவுல எப்படிக்கா வந்துச்சு?"

"மாவைக் கேளு."

"கேட்டேன். உங்களை மாதிரியே உப்பிக்கிட்டு நிக்குது, வாயத் திறக்க மாட்டேங்குது."

கவாஜா இனித் தன் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார் என்ற ரதீபாவின் சந்தோஷம் நீடிக்கவில்லை. இதற்குள் மேஸ்திரி கவாஜாவுக்கு ஊர் மரியாதையைச் சொல்லிக்கொடுத்திருந்தார். "ஷாதுலி அம்மா, டீ," என்றார் கவாஜா. அதோடு, அந்த ரொட்டியைத் தின்றவர்கள் அதில் உள்ளதைச் சொல்லவும் தொடங்கினார்கள். முதலில் பகீத். டீ நாக்கைச் சுட்டால் ஹெனுத் என்றான். எருமையை ஹெனுத் என்று ஓட்டினான். தும்மி முடித்து ஹெனுத் என்றான். சொந்த மனைவியின் பெயர் இல்லை என்பதால் யார் முன்னாலும் கூச்சம் இல்லை. கூடை தூக்குகிறவர்கள் தங்கள் பாட்டில் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

"யாரு அவ?" என்றாள் ரதீபா.

"எனக்கென்ன தெரியும்? உன் ரொட்டி."

அவள் மாவை மாற்றினாள், தட்டுகளை மாற்றினாள், சோளத்தில் செய்து பார்த்தாள். நிழலில் இருக்கும்வரை மாவு வெற்று மாவு. வெயில் பட்டால் ஹெனுத். போர் வந்தது, கவாஜா போனார். வேறொருவர் வந்தார், அவரும் போனார். நவாரா தன் அறையில் வெங்காயம் காயப்போட்டாள். "சுவரு சுத்தமா இருக்குக்கா, கண்ணுக்குக் குளிர்ச்சி," என்று கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், பிறகு உண்மையாகவே அப்படி நினைத்தாள். குன்றில் கல்யாணங்களுக்கு எழுத்து ரொட்டி என்பது வழக்கமாகிவிட்டது. புதிதாக வந்த மருமகள்கள் எழுத்தில்லாத ரொட்டியைப் பார்த்தால் சரியாக உப்பவில்லை என்றார்கள். ரதீபாவின் வயிறு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. பகீதுக்குப் பற்கள் விழுந்தன; அந்தப் பெயர் விழவில்லை.

ஷாதுலியின் கல்யாணத்துக்கு முதல் நாள் கெனாவி மேஸ்திரி வந்தார். கிழவராகிவிட்டார், ஆனால் கவாஜாக்களிடம் கற்ற அந்த எழுத்து மறக்கவில்லை. வாசற்கதவின் பின்னால் நின்று ரதீபா கேட்டாள்.

"இந்த எழுத்துல யார் பேரை வேணும்னாலும் எழுதலாமா?"

"எழுதலாம்மா. வெயில் படுறதுக்கு முன்னாடி எழுதினா நிக்கும்னு நினைக்கிறேன். முதல்ல வந்தது யாரோ, அவங்களுக்குத்தான் இடம்."

அவள் ஒரே ஒரு வட்டத்தைக் கூரையின் கிழக்குச் சுவர் நிழலில் வைத்திருந்தாள். ரொட்டியின் விளிம்பைக் கீறுகிற பேரீச்ச முள்ளைப் பகீதின் கையில் கொடுத்து மேஸ்திரியோடு மேலே அனுப்பிவிட்டு, தானும் பின்னாலேயே ஏறினாள். மேஸ்திரி முள்ளை வாங்கிக்கொண்டு மாவின் முன் குந்தினார். வெயில் நாலு விரல் தூரத்தில் இருந்தது. அந்நியன் ஒருத்தியிடமே அவள் பெயரைக் கேட்பது முறையல்ல. அவர் பகீதைப் பார்த்தார்.

"ஷாதுலி அப்பா, பேரு என்ன?"

பகீத் படிக்கட்டைப் பார்த்தான். எருமை கட்டியிருந்த பக்கம் பார்த்தான். மறந்துவிட்டானா, கூச்சமா என்று அவன் முகத்தில் தெரியவில்லை. வெயில் தட்டின் விளிம்பைத் தொட்டது. அந்த ஓரத்தில் மாவு லேசாகப் புடைத்து, ஒரு குஞ்சின் கால் தெரிந்தது. மேஸ்திரி முள்ளைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"சொல்லுங்க," என்றாள் ரதீபா. "செத்தவ பேரை நாளெல்லாம் சொல்ற வாய்தானே?"