உன் பக்கம்

"இந்தப் பக்கத்தைப் போட்டது நீங்கதானே?"

கேட்டவள் ஓர் ஆய்வு மாணவி. கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். கேட்கப்பட்டவள் பல்கலைக்கழக இணையதளத்தின் தொகுப்பாளர். வரிக்கு வரி கால்புள்ளி தேடித் திருத்துவதால் அலுவலகம் முழுவதற்கும் 'கால்புள்ளி'. "கால்புள்ளி வந்தாச்சு, இனி மூச்சு விட்டுத்தான் படிக்கணும்" என்பார்கள்; அவளும் சிரிப்பாள். விடுதிக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று எனப் பொருள்வாரியாகப் பதினொரு முகப்புப் பக்கங்களைக் கட்டியவள். பன்னிரண்டாவதை மட்டும் கட்டினாள் என்று சொல்வதைவிடப் பெற்றெடுத்தாள் என்பதே பொருந்தும். 'தயங்காமல் சொல்லுங்கள்' என்று அதற்குத் தலைப்பு. ஆய்வு வழிகாட்டியிடம் அவதிப்படும் மாணவர்கள் முறையிட அதில் ஒரு படிவம். படிவத்தின் தலைமேல் ஒரு வாக்குறுதி: 'உங்கள் சொல் உங்கள் துறைக்குப் போகாது.' அந்த ஒற்றை வரிக்காக மூன்று கூட்டங்களில் வாதாடினாள். நிரப்பப்படும் படிவம் நேரே எந்தத் துறையையும் சேராத மூவர் குழுவுக்குப் போகும்படி அமைத்தாள்.

"நாந்தாம்மா போட்டேன். என்ன ஆச்சு?"

"போன வாரம் எழுதினேன். எங்க கைடுதான் துறைத் தலைவர். இன்னைக்குக் காலைல நான் எழுதினதை எனக்கே வாசிச்சுக் காட்டினார். நல்லா எழுதுறியே, ஆய்வேட்டையும் இப்படி எழுதியிருக்கலாமேன்னு சிரிச்சார்."

கால்புள்ளி பக்கத்தைத் திறந்தாள். வாக்குறுதி அப்படியே இருந்தது. ஓர் எழுத்தும் குறையவில்லை. படிவத்தின் உள்ளமைப்பைத் திறந்தாள். குழுவின் மின்னஞ்சல் முகவரி இருந்த இடத்தில் துறைத் தலைவர்களின் முகவரிகள் வரிசையாக நின்றன. வாசலில் 'அடைக்கலம்' என்று பலகை, உள்ளே கண்ணி. திருத்த வரலாற்றில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, திருத்தியவர் பெயரும் இருந்தது. அவளுடைய பெயர்.

மாணவியும் அதைப் பார்த்துவிட்டாள். மேசைமேல் இருந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டிருந்தால் கால்புள்ளி பதில் சொல்லியிருக்கலாம்.

அந்தத் தேதி, மகளுக்குக் காய்ச்சல் கண்டு கால்புள்ளி விடுப்பில் இருந்த நாள். பக்கத்தை உருவாக்கியவரின் கணக்கில் நுழைந்தால்தான் திருத்த முடியும். "அவசரம்னா நான் பாத்துக்கறேன், நீ பிள்ளையைக் கவனி" என்று கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டவர் பிரிவுத் தலைவியான அக்கா. ஒன்பது ஆண்டுகளாக ஒரே மேசையில் உண்ட அக்கா; மூன்று கூட்டங்களிலும் அவள் காதோரம் "நான் உன் பக்கம் இருக்கேன்டி, நீ பேசு" என்ற அக்கா. எதிரி அடித்தால் உடம்பு வலிக்கும். தடவிக்கொடுத்த கையே அடித்தால் வலிக்க உடம்பில் இடமே இருப்பதில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த அக்காவிடம் போய் நின்றாள்.

"முகவரியை மாத்தினது நீங்களா, அக்கா?"

அக்கா கணினியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "மேல இருந்து சொன்னாங்க. துறைத் தலைவருங்க எல்லாரும் ஒண்ணா நின்னுட்டாங்க. நான் என்ன பண்ண?"

"அப்போ அந்த வரியையும் எடுத்திருக்கலாமே."

"வரியை எடுத்தா ஏன் எடுத்தீங்கன்னு பத்திரிகைல கேப்பான்."

"என் பேர்ல ஏன்?"

"உன்மேல எவனும் சந்தேகப்பட மாட்டான்டி." அதைப் பாராட்டுப்போலவே சொன்னார் அக்கா. "இப்பவும் நான் உன் பக்கந்தான்."

"ஆமாக்கா. என் பக்கத்துலயேதான் இருந்தீங்க. கை வைக்க வசதியா இருந்திருக்கு."

திரும்பி வந்து அமர்ந்தாள். முகவரியைப் பழையபடி மாற்றலாம். நாளை இன்னொரு கை அதையும் மாற்றும். படிவத்தை மொத்தமாக அகற்றினாள். வாக்குறுதி இருந்த இடத்தில், தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் தட்டினாள்: 'இங்கே நீங்கள் சொன்னவை உங்கள் துறைத் தலைவருக்கே போயின. இந்தப் பக்கத்தை நம்பாதீர்கள்.'

"உங்க வேலை போயிடும்" என்றாள் மாணவி. அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"உன் படிப்பு?"

மாணவி தோளைக் குலுக்கினாள். திருத்தியவர் என்ற இடத்தில் தன் பெயர் இருப்பதை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, கால்புள்ளி 'வெளியிடு' என்பதை அழுத்தினாள்.

சிறிது நேரத்தில் அக்காவின் மேசைத் தொலைபேசி ஒலித்தது. அது நின்றதும் மறுபடி ஒலித்தது. அக்கா அதை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் எழுந்து நின்று, கணினித் திரையில் இருந்த அந்தப் புதிய வரிகளுக்கு மிக அருகே முகத்தை வைத்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அசைவதுபோல அவர் உதடுகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.